கவசம் அணிந்த ஆங்கிலப் பிரபு: 17-ஆம் நூற்றாண்டு உருவ ஓவியத்தைப் பார்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளிலும் அருங்காட்சியகங்களிலும், கருநிற இரும்புக் கவசம் பூண்டு, கையில் ஒரு குறுங்கோலைப் பிடித்தபடி நம்மை உற்று நோக்கும் பிரபுக்களின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் ஏராளமாக உள்ளன. பார்க்க வருகிறவர்களில் பலர் முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள், அடுத்துப் பெயர்ப் பலகையைப் படிக்கிறார்கள், பிறகு நகர்ந்துவிடுகிறார்கள். முகத்திலிருந்து தொடங்குவதால்தான் இவ்வகை ஓவியங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுகின்றன என்பது என் எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டியில் முகம் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பு கவசத்தை ஒரு பொருளாகவும், வண்ணப் பூச்சாகவும், அணிந்தவர் தம்மைப் பற்றி உலகுக்குச் சொல்ல விரும்பிய செய்தியாகவும் தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒருவரைத் தொடர்ந்து உடன் அழைத்துச் செல்கிறேன். அவர் தாமஸ் வென்ட்வொர்த், பின்னாளில் ஸ்ட்ராஃபர்டு பிரபு. 1593-இல் பிறந்தவர். மன்னர் முதலாம் சார்லஸின் பிரதிநிதியாக அயர்லாந்தை ஆண்டவர். 1630-களில் அவரைக் கவசக் கோலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்தவர், ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்து லண்டனில் குடியேறிய ஆண்டனி வான் டைக். அந்த ஓவியங்களுள் ஒன்று வெஸ்ட் சஸெக்ஸில் உள்ள பெட்வொர்த் மாளிகையில் இருக்கிறது. நேரில் செல்ல இயலாதவர்கள் அருங்காட்சியகங்கள் தம் இணையதளங்களில் வைத்திருக்கும் உயர்தரப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தே இங்குள்ள பெரும்பாலான படிகளைச் செய்துவிடலாம்.

முதல் படி: அளவும் தூரமும்

ஓவியத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஓவியக்கூடங்களில் அளவுகள் நாளடைவில் வழக்கமாக நிலைபெற்றன. தலையும் மார்பும் மட்டும் என்றால் 30 x 25 அங்குலம். முழங்கால் வரை என்றால் 50 x 40 அங்குலம், அதாவது ஏறத்தாழ 127 x 102 சென்டிமீட்டர். முழு உருவம் என்றால் சுமார் எட்டடி உயரம். அளவு பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறியது. கவசத்தோடு முழு உருவமாக வரையச் சொன்னவர் தம் மாளிகையின் நீண்ட கூடத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எண்ணியவர். முழங்கால் வரை போதும் என்றவர் எதிரில் நிற்பவரோடு கண்ணுக்குக் கண் பேச எண்ணியவர்.

ஓவியம் பின்னாளில் வெட்டிக் குறைக்கப்பட்டதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து ஆணியடிக்கும்போது, ஓரத்து நூலிழைகள் ஆணிக்கு ஆணி அலைபோல வளையும். மூன்று ஓரங்களில் அந்த அலை இருந்து நான்காவதில் இல்லையென்றால், அந்தப் பக்கம் கத்தரிக்கப்பட்டிருக்கலாம். முழங்கையோ கோலின் முனையோ விளிம்பில் இசைவின்றித் துண்டாகி நின்றாலும் இதே ஐயம் எழ வேண்டும்.

இரண்டாம் படி: கவசத்தை இரும்பாகப் பாருங்கள்

இப்போது ஓவியம் என்பதை மறந்துவிட்டு, எதிரில் ஒரு கவசம் நிற்பதாக எண்ணிக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு வளையத் தகடு. அதன்கீழ் நடுவில் கூராக விளிம்பெடுத்த மார்புத்தகடு. தோளிலிருந்து மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் தோள்தகடுகள். முழங்கையில் குமிழ்போன்ற மூட்டு. இடுப்பிலிருந்து தொடைவரை தொங்கும் தகடுகளின் அடுக்கு. 17-ஆம் நூற்றாண்டில் கனரகக் குதிரைவீரர்களின் கவசம் பெரும்பாலும் முழங்காலோடு நின்றுவிட்டது; அதற்குக் கீழே தோலாலான நீண்ட காலணிதான். பாதம் வரை இரும்பு காணப்பட்டால், அது பழைய கவசமாக இருக்கலாம், அல்லது பழமையின் பெருமைக்காக வரையப்பட்டதாக இருக்கலாம்.

எட்டாம் ஹென்றி தொடங்கிய கிரீனிச் அரசக் கவசப்பட்டறை, ஜெர்மானியக் கைவினைஞர்களைக் கொண்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தின் மிகச் சிறந்த கவசங்களைச் செய்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது மூடப்பட்டுவிட்டது. துப்பாக்கி பரவப் பரவக் குண்டைத் தாங்கும் அளவுக்குத் தகடு தடிக்க வேண்டியிருந்தது. தகடு தடித்தால் மனிதன் அசைய முடியாது. எனவே பலர் மார்புத்தகட்டோடும் தடித்த தோல் மேலங்கியோடும் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் முழுக்கவசம் வெறும் நாடக உடையாகிவிட்டது என்று சொல்வதும் தவறு. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற ஆர்தர் ஹேசல்ரிக்கின் குதிரைப்படை உடல் முழுக்க இரும்பணிந்து வந்ததால், அதற்குச் ‘சிங்கி இறால்கள்’ என்றே பெயர் விழுந்தது. 1643 ஜூலை 13-இல் ரவுண்ட்வே டவுன் போரில் அவரை நெருங்கிக் கைத்துப்பாக்கியால் சுட்டும் குண்டு கவசத்தைத் துளைக்கவில்லை. ஆகவே ஓவியத்தில் கவசத்தைக் கண்டதும் ‘அலங்காரம்’ என்று தள்ளிவிடாமல், இது எந்த வகை, எந்தக் காலத்தது, இவர் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். ஓவியக்கூடத்தில் கிடந்த ஒரே கவசத்தைப் பல பேர் உடலில் மாற்றி மாற்றி வரைவதும் நடந்ததுண்டு.

நிறத்தையும் கவனியுங்கள். மெருகேற்றிய எஃகு வெள்ளியாகப் பளபளக்கும். சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு நீலமாகவோ செம்பழுப்பாகவோ மாறும். துருவைத் தடுக்கக் கருமை ஏற்றுவதும் உண்டு. ஆனால் ஓவியத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் கறுப்புக் கவசம் அல்ல. முந்நூறு ஆண்டு வார்னிஷ் அதன்மேல் படிந்திருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாம் படி: இரும்பை வண்ணமாகப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் உலோகம் வரைவதற்கு உலோகம் எதுவும் பயன்படவில்லை. ஈய வெள்ளை, எலும்புக் கரியிலிருந்து எடுத்த கறுப்பு, மண்ணிலிருந்து எடுத்த பழுப்புகள், சிறிது நீலம், சிறிது சிவப்பு ஆகியவற்றை ஆளிவிதை எண்ணெயிலோ வால்நட் எண்ணெயிலோ குழைத்துப் பூசியவை மட்டுமே அங்கே இருக்கின்றன.

திரையில் ஓவியத்தைப் பெரிதாக்கித் தோள்தகட்டின் ஓரத்துக்குச் செல்லுங்கள். நான் ஒருமுறை ஒரு மாலை முழுவதும் ஒரே வரிசை ஆணிக்கொண்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கற்றதை வேறெங்கும் கற்றதில்லை. ஒவ்வொரு கொண்டையும் மூன்றே தொடுதல்களில் முடிந்திருந்தது: ஒரு சாம்பல் புள்ளி, அதன் கீழ்ப்புறத்தில் பிறைபோன்ற ஒரு கருமை, மேலே இடப்பக்கத்தில் ஊசிமுனை அளவு வெள்ளை. நிழலுக்குள் செல்லச் செல்ல அந்த வெள்ளைப் புள்ளி முதலில் மங்கிச் சாம்பலாகி, பின்பு காணாமலே போனது. ஓவியர் ஆணிகளை எண்ணி வரையவில்லை. ஒளி எங்கிருந்து வந்து எங்கே தீர்கிறது என்பதைத்தான் வரைந்திருக்கிறார்.

அடுத்து மார்புத்தகட்டின் பெரிய ஒளிக்கீற்றுக்கு வாருங்கள். வான் டைக் போன்றவர்கள் கேன்வாஸில் சாம்பலோ இளம்பழுப்போ ஆன ஓர் அடிப்பூச்சை முதலில் இட்டார்கள். கவசத்தின் நடுத்தர நிறத்தை அந்த அடிப்பூச்சே பல இடங்களில் தந்துவிடுகிறது. அதன்மேல் கருமையை மெல்லியதாக ஓட்டி, ஈரம் காய்வதற்குள் சாம்பலை அதற்குள் இழைத்து, இறுதியில் ஈய வெள்ளையைத் தூரிகை நிறைய எடுத்து ஒரே இழுப்பில் தடிப்பாக வைக்கிறார்கள். அந்த வெள்ளையின் தொடக்கம் தடித்தும் முடிவு சிதறியும் இருக்கும். கை எந்தத் திசையில் போனது என்பது அதிலேயே பதிந்திருக்கும். நன்றாக வரையப்பட்ட கவசத்தில் வெள்ளைக் கீற்றின் பக்கத்திலேயே மிகக் கருமையான பகுதியும் இருக்கும், ஏனென்றால் பளபளப்பான வளைந்த பரப்பு வெளிச்சத்தையும் இருளையும் அடுத்தடுத்து எதிரொளிக்கும். துணியில் அப்படி நிகழ்வதில்லை. அங்கே ஒளி மெல்லமெல்லத் தேயும். கவசம் இரும்பாகத் தோன்றாமல் சாம்பல் நிறப் பட்டாகத் தோன்றினால், வரைந்த கை தேர்ச்சி குறைந்தது, அல்லது அது ஒரு நகல் என்று ஐயப்படலாம்.

பிறகு எதிரொளிகளைத் தேடுங்கள். சிவப்புத் திரை அருகில் இருந்தால் தகட்டின் நிழல் பக்கத்தில் மங்கிய சிவப்பு படிந்திருக்கும்; கை பக்கத்தில் இருந்தால் தோலின் நிறம் வந்து விழும்; சில ஓவியங்களில் சாளரத்தின் சட்டம்கூட மார்பில் தெரியும். எதிரொளி சுற்றுப்புறத்தோடு பொருந்தினால், ஓவியர் உண்மையான கவசத்தை எதிரில் வைத்துப் பார்த்து வரைந்தார் என்று நம்பலாம். திறந்த வெளியில் நிற்பதாகக் காட்டப்படும் பிரபுவின் மார்பில் அறைச் சாளரம் தெரிந்தால், கவசம் ஓவியக்கூடத்தில் வரையப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்காம் படி: கையில் இருப்பவையும் பக்கத்தில் இருப்பவையும்

கையில் உள்ள குறுங்கோல் படைத்தலைமையின் அடையாளம். தலைக்கவசம் தலையில் இராமல் பக்கத்து மேடையிலோ தரையிலோ இருக்கும். முகம் தெரிய வேண்டுமே. இரும்புக் கையுறையைக் கழற்றி வைத்திருந்தால் விரல்களின் நேர்த்தியைக் காட்ட ஓவியருக்கு இடம் கிடைக்கும்.

மிகவும் பயன் தருவது நீல நாடா. கார்ட்டர் என்பது 14-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்டு தொடங்கிய, இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரர் அணி. அதன் உறுப்பினர்கள் டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜின் சிறு பதக்கத்தை நீல நாடாவில் அணிந்தார்கள். வென்ட்வொர்த்துக்கு அந்தச் சிறப்பு 1640 செப்டம்பரில்தான் கிடைத்தது. அதற்கு முந்தையது எனச் சொல்லப்படும் அவருடைய ஓவியம் ஒன்றில் அந்தப் பதக்கம் இருந்தால், ஒன்று காலக்கணிப்பு தவறு, அல்லது பதக்கம் பின்னர் சேர்க்கப்பட்டது. இத்தகைய ஒரு சிறு பொருள் பல பக்க விவாதத்தைத் தீர்த்துவைக்கும்.

ஐந்தாம் படி: இரும்புக்கு வெளியே தெரியும் துணியும் முடியும்

கவசம் தலைமுறைகள் தாண்டிப் பயன்படும். கழுத்துப்பட்டியும் சிகையும் அப்படியல்ல. விறைப்பான மடிப்புக் கழுத்துப்பட்டி என்றால் நூற்றாண்டின் தொடக்கம். தோள்மேல் படுத்துக் கிடக்கும் பின்னல் வேலைப்பாடுள்ள அகன்ற பட்டி என்றால் 1630-கள். கழுத்தில் முடிச்சிட்டுத் தொங்கும் பின்னல் துணியும் தோளைத் தாண்டிப் புரளும் பொய்முடியும் என்றால் 1660-க்குப் பிந்திய, இரண்டாம் சார்லஸ் காலம். கவசமும் கழுத்துப்பட்டியும் வெவ்வேறு காலத்தைச் சொன்னால், கழுத்துப்பட்டியை நம்புங்கள்.

ஆறாம் படி: இந்த நிற்கும் முறை எங்கிருந்து வந்தது?

பிரபு நிற்கும் விதம் அவருடைய இயல்பு என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது வெனிஸ் ஓவியர் டிஷனிடமிருந்து வந்தது. உர்பினோவின் டியூக் பிரான்செஸ்கோ மரியா டெல்லா ரோவேரேயை அவர் 1530-களில் வரைந்த ஓவியம் இன்று பிளாரன்ஸின் உஃபிசியில் இருக்கிறது. பளபளக்கும் கருங்கவசம், முன்னால் நீட்டிய கோல், பின்னணியில் சிவப்பு வெல்வெட்டின்மேல் தலைக்கவசம் என்று ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஆங்கிலப் பிரபுக்கள் விரும்பிய எல்லாம் அதில் முன்கூட்டியே இருக்கின்றன.

அந்த மரபு லண்டனுக்கு வந்த வழியும் தெரிந்ததே. இத்தாலியின் மான்டுவா அரச குடும்பத்தின் ஓவியத் தொகுப்பை 1620-களின் பிற்பகுதியில் முதலாம் சார்லஸ் விலைக்கு வாங்கினார். அதில் டிஷன் வரைந்த 11 ரோமப் பேரரசர்களின் ஓவியங்கள் இருந்தன. கவசம் பூண்டு, கோல் ஏந்தி, முழங்கால்வரை நிற்பவர்கள். வழியில் பழுதடைந்தவற்றைச் சரிசெய்யும் வேலை 1632-இல் லண்டனில் குடியேறிய வான் டைக்கிடம் வந்தது. கெட்டுப்போன விட்டெல்லியஸ் பேரரசரின் ஓவியத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை அவரே வரைந்தார். டிஷனின் ரோமானியக் கவசங்களை அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்த கைதான் அடுத்த சில ஆண்டுகளில் வென்ட்வொர்த்தின் கவசத்தை வரைந்தது. மன்னர் கொல்லப்பட்ட பின் அந்தப் பேரரசர்கள் ஸ்பெயினுக்கு விற்கப்பட்டு, 1734-இல் மாட்ரிட் அரண்மனைத் தீயில் அழிந்துபோனார்கள். இப்போது அச்சுப்படங்களிலும் நகல்களிலும் மட்டுமே அவற்றைக் காணலாம் என்பது இத்துறையில் பெரிய இழப்பு.

வான் டைக்கின் மற்றோர் ஓவியத்தில் வென்ட்வொர்த் முழு உருவமாகப் பெரிய நாய் ஒன்றோடு நிற்கிறார். டிஷன் பேரரசர் ஐந்தாம் சார்லஸை நாயோடு வரைந்த ஓவியம் அப்போது ஆங்கில மன்னரிடம் இருந்தது. இளவரசராக 1623-இல் மாட்ரிட் சென்றபோது அவருக்குக் கிடைத்த பரிசு அது. அரசவையில் அதைக் கண்டிருந்தவர்களுக்கு, அயர்லாந்தின் ஆளுநர் யாருடைய சாயலில் நிற்கிறார் என்பது உடனே புரிந்திருக்கும்.

இந்த நிற்கும் முறை கட்சி பார்க்கவில்லை. மன்னரை எதிர்த்த ஆலிவர் கிராம்வெல்லை ஓவியர் ராபர்ட் வாக்கர் 1649-ஐ ஒட்டிக் கவசத்தில் வரைந்தபோது, வான் டைக் அரசவையினருக்கு வகுத்த அமைப்புகளையே எடுத்துக்கொண்டார். ஆகவே எந்த ஓவியத்தின் முன் நின்றாலும் ‘இதே கை, இதே இடுப்புத் திருப்பம் வேறு எங்கே?’ என்று தேடும் பழக்கம் வேண்டும்.

ஏழாம் படி: எந்தக் கை வரைந்தது?

வான் டைக்கின் வேலைமுறையைப் பிரெஞ்சு எழுத்தாளர் ரோஜே த பீல், வான் டைக்கை அறிந்திருந்த ஜாபாக் என்ற வணிகர் சொல்லக் கேட்டுப் பதிந்திருக்கிறார். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு மணிக்கு மேல் ஒதுக்குவதில்லை. சாம்பல் தாளில் சுண்ணக்கட்டியால் கால் மணி நேரத்தில் உருவமும் உடையும் வரைந்துகொள்வார். உடையை வாங்கி வைத்து உதவியாளர்கள் கேன்வாஸில் ஏற்றுவார்கள். பிறகு தாம் அதன்மேல் கைவைத்து முடிப்பார். கைகளுக்கு வேறு ஆட்களை அமர்த்திக்கொள்வார். இதை மனத்தில் கொண்டு முகத்தின் தூரிகைவேகத்தையும் கவசத்தின் தூரிகைவேகத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று துணிவாகவும் மற்றொன்று கவனமாகவும் இருந்தால் இரண்டு பேர் வேலை செய்திருக்கலாம். அது மோசடி அன்று, அக்காலத் தொழில்முறை. பிந்தைய தலைமுறையில் ஓவியர் பீட்டர் லெலியின் கூடத்தில் நிற்கும் முறைகளுக்கே எண் போட்டு வைத்திருந்தார்கள்.

வில்லியம் டாப்சன் இதற்கு நேர்மாறு. போர்க்காலத்தில் ஆக்ஸ்ஃபர்டில் அரசவை முகாமிட்டிருந்தபோது அங்கே இருந்து வரைந்தவர் அவர். 1646-இல் 35 வயதில் இறந்தார். அவர் வரைந்த, மன்னர் பக்கப் படைத்தலைவரான பைரன் பிரபுவின் கன்னத்தில் உள்ள வெட்டுத் தழும்பை மறைக்காமல் காட்டியிருக்கிறார். அவருடைய கடைசிக்கால ஓவியங்களில் வண்ணம் மெலிந்து கேன்வாஸின் நெசவு தெரிவதைப் பொருள் தட்டுப்பாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். வான் டைக்கின் நேர்த்தியை நான் எவ்வளவு மதித்தாலும், போரை உண்மையில் கண்டுவிட்டு வந்த மனிதர்களை டாப்சனைப்போல வரைந்தவர் வேறு எவரும் இல்லை என்றே சொல்வேன்.

எட்டாம் படி: காலம் செய்த மாற்றங்கள்

வார்னிஷ் மஞ்சளித்தால் நீலம் பச்சையாகவும் வெள்ளை தேன் நிறமாகவும் தோன்றும். கண்ணாடியை அரைத்துச் செய்த ஸ்மால்ட் நீலம், எண்ணெயில் நாளடைவில் சாம்பலாகிவிடும். இன்று மந்தமாகத் தெரியும் வானம் ஒருகாலத்தில் நீலமாக இருந்திருக்கலாம். மேற்பூச்சு காலப்போக்கில் ஒளி ஊடுருவத் தக்கதாகி, ஓவியர் முதலில் வரைந்து பின் மாற்றிய கோலின் பழைய நிலை ஆவிபோல எழுந்து தெரிவதுண்டு. அது பெரும்பாலும் மூலம் என்பதற்குச் சாதகமான அடையாளம், நகலெடுப்பவர் அவ்வாறு மனம் மாறுவது அரிது. பழுதடைந்த கேன்வாஸின் பின்னால் வேறு துணி ஒட்டிச் சூடேற்றி அழுத்தியதில், மார்புத்தகட்டின் தடித்த வெள்ளைக் கீற்றுகள் தட்டையாகிப்போன ஓவியங்கள் பல.

ஆய்வுக்கூட அறிக்கை கிடைத்தால் நிறமிகளின் பட்டியலைப் பாருங்கள். பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது. டைட்டேனியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டுக்குரியது. இவை மூலப்பூச்சிலேயே இருந்தால் ஓவியம் 17-ஆம் நூற்றாண்டினது அல்ல; மேலே திருத்திய இடங்களில் மட்டும் இருந்தால், பின்னாளில் யாரோ கைவைத்தார்கள் என்பதுதான் பொருள்.

ஒன்பதாம் படி: எழுதியிருக்கும் பெயர்

ஓவியத்தின் மூலையில் பொன்னெழுத்தில் பெயர் இருந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் பட்டத்தைப் பாருங்கள். வென்ட்வொர்த் 1640 ஜனவரியில்தான் ஸ்ட்ராஃபர்டு பிரபு ஆனார். 1630-களின் ஓவியத்தில் ‘ஸ்ட்ராஃபர்டு’ என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து ஓவியத்துக்குப் பிந்தியது. வாரிசுகள் தங்கள் மாளிகைச் சுவர்களில் தொங்கியவர்களுக்குப் பெயர் எழுதிவைத்தபோது, தாத்தாவையும் கொள்ளுத்தாத்தாவையும் மாற்றிக் குறித்ததும் உண்டு. சட்டத்தின் பின்புறத்தில் உள்ள ஏல எண்களும், குடும்பச் சொத்துப் பட்டியல்களும், அதே முகத்தின் அச்சுப்படங்களும் இணங்கிச் சொன்னால்தான் பெயரை ஏற்க வேண்டும்.

பத்தாம் படி: இப்போது முகம்

இவ்வளவும் பார்த்த பிறகு வென்ட்வொர்த்தின் முகத்துக்கு வாருங்கள். குட்டையாக வெட்டிய கருமுடி, சுருங்கிய புருவம், எதிரில் நிற்பவரை எடைபோடும் கண்கள். வான் டைக் இவரை அழகுபடுத்தவில்லை. கவசக் கோலம் ரோமப் பேரரசர்களை நினைவூட்டுவது, நிற்கும் முறை டிஷனுடையது. புருவத்தின் அந்த மடிப்பு மட்டும் இவருக்கே உரியது.

இவர் பெயர் பெற்றது நிருவாகத்தில்தான், போர்க்களத்தில் அல்ல. 1640-இல் ஸ்காட்லாந்துக்காரர்களை எதிர்த்த படைக்குத் தலைமை கிடைத்தபோது நோயுற்றிருந்தார். ஆகஸ்ட் 28-இல் நியூபர்ன் சண்டையில் மன்னர் படை தோற்றபோது அவர் களத்தில் இல்லை. அடுத்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை நடந்தது. நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை 204-க்கு 59 என்ற வாக்குகளில் அவரைக் குற்றவாளியாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. தம்மைக் காப்பதாக உறுதி தந்திருந்த மன்னரே கையெழுத்திட்டார். 1641 மே 12-இல் லண்டனின் டவர் குன்றில் அவர் தலை வெட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 9-இல் வான் டைக்கும் லண்டனில் இறந்தார்.

முடிந்தால், அதே வான் டைக் அவரைச் செயலாளர் பிலிப் மேன்வாரிங்கோடு சேர்த்து வரைந்த ஓவியத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரும்பு இல்லை. கறுப்பு உடை, கையில் ஒரு கடிதம், எழுதக் காத்திருக்கும் செயலாளர். இரண்டிலும் கைகளையும் உடையையும் தாளால் மறைத்துவிட்டு, புருவத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.